பட்டறையில் பிறந்த பேரொலி
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

மலைப்பாறையின் எதிரே நின்று கூவினால் நம் குரல் நமக்கே திரும்பி வருகிறது. பெரிய மண்டபத்தில் கை தட்டினால் ஓசை உடனே மடியாமல் சிறிது நேரம் உலவிவிட்டுப் பின்னரே அடங்குகிறது. முன்னது எதிரொலி, பின்னது எதிர்முழக்கம். எதிரொலி தனியாகக் காதில் விழுவதற்குப் பத்தில் ஒரு பங்கு விநாடியேனும் இடைவெளி வேண்டும் என்றும், அதற்குப் பாறை குறைந்தது 17 மீட்டர் தொலைவில் இருக்க வேண்டும் என்றும் நாம் பள்ளியிலேயே படித்துவிட்டோம். தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்காக நாம் மனப்பாடம் செய்யும் இவ்விரண்டையும் வீணைபோலவும் மத்தளம்போலவும் இசைக்கருவிகளாகவே ஆக்கிக் காட்டிய ஒரு மனிதர் இருந்தார். அவர் பாடகர் அல்லர். பாட்டெழுதும் புலவரும் அல்லர். வானொலிப் பெட்டியும் ஒலிபெருக்கியும் பழுது பார்த்தவர். மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான ஜமைக்காவில் வாழ்ந்து மறைந்த அவரை உலகம் கிங் டப்பி என்று அழைக்கிறது.

அவரைப் பற்றி எழுத எனக்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. அதனைக் கட்டுரையின் இறுதியில் சொல்கிறேன்.

இளமையும் தொழிலும்

ஜமைக்காவின் தலைநகரான கிங்ஸ்டனில் 1941ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஆஸ்போர்ன் ரடக். டப்பி என்றால் ஆங்கிலத்தில் பருத்த உடலினர் என்று பொருள்படும். ஆனால் அவர் பருத்தவர் அல்லர். தாயாரின் குடும்பப் பெயரான டப்மன் என்பதே சுருங்கி டப்பி ஆயிற்று என்பர். அவர் பிறந்தபோது ஜமைக்கா ஆங்கிலேயரின் ஆட்சியில் இருந்தது. 1962ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் அந்நாடு விடுதலை பெற்றபோது அவருக்கு வயது இருபத்தொன்று.

அக்காலத்தில் கிங்ஸ்டனின் ஏழை எளிய மக்களுக்கு இசை கேட்கும் இடம் தெருவே. இசைத்தட்டு வாங்கவும் அதனைச் சுழற்றும் கருவி வாங்கவும் எல்லோரிடமும் பணம் ஏது? ஆள் உயர ஒலிபெருக்கிப் பெட்டிகளை வண்டியில் ஏற்றி வந்து, திறந்த வெளியில் அடுக்கி, இரவு முழுதும் இசைத்தட்டுகளை ஒலிக்கச் செய்யும் குழுக்கள் நகரெங்கும் இருந்தன. அவற்றை அங்கே சவுண்ட் சிஸ்டம் என்பார்கள். ஒரு குழுவுக்கும் மற்றொரு குழுவுக்கும் கடும் போட்டி. எந்தப் பெட்டியின் ஒலி நெஞ்சை அதிரச் செய்கிறதோ அதன் பக்கமே கூட்டம் சாயும்.

வெப்ப நாட்டின் சூட்டாலும் ஈரக்காற்றாலும் கருவிகள் அடிக்கடி பழுதாயின. போட்டியாளர்கள் கெடுத்து வைத்ததும் உண்டு. எனவே பழுது நீக்கத் தெரிந்தவருக்கு நகரில் பெரிய தேவை இருந்தது. வானொலி, தொலைக்காட்சிப் பெட்டிகளைச் செப்பம் செய்துவந்த இளைஞர் ரடக்கைத் தேடி அந்தக் குழுக்காரர்கள் வந்தனர். அவர் பழுது நீக்கியதோடு நிற்கவில்லை. மின்மாற்றிகளுக்குத் தாமே கம்பி சுற்றினார். பெரிய ஒலிபெருக்கிகளைத் தாமே கட்டிக் கொடுத்தார். 1960களின் தொடக்கத்தில் சொந்தமாக ஒரு வானொலி பரப்பியையும் செய்து சிறிது காலம் பாட்டு ஒலிபரப்பினார். உரிமம் இல்லாத அந்த நிலையத்தைக் காவல்துறை தேடுவதாக அறிந்ததும் மூடிவிட்டார். இளமைத் துடிப்பின் ஒரு சிறு விளையாட்டு என்று இதனைக் கொள்ளலாம்.

பின்னர் ஹோம் டவுன் ஹை-ஃபை என்ற பெயரில் தமக்கென ஒரு சவுண்ட் சிஸ்டத்தை அமைத்தார். அளவில் அது மிகப் பெரியதன்று. ஆனால் ஒலியின் தூய்மையில் அதற்கு நிகர் கிடையாது என்று கேட்டவர் வியந்தனர். கனத்த தாழ்சுருதி ஒலிகளையும் கூரிய உச்சசுருதி ஒலிகளையும் பிரித்து, வெவ்வேறு பெருக்கிகளின் வழியே அனுப்பினார். அத்துடன் எதிரொலியையும் எதிர்முழக்கத்தையும் கூட்டத்தின் நடுவே முழங்கச் செய்தார். யூ-ராய் என்ற கலைஞர் அந்த மேடையில் இசைக்கு மேல் தாளத்தோடு பேசிப் பெரும்புகழ் பெற்றார்.

குரலை நீக்கியபோது கிடைத்த புதையல்

1960களின் பிற்பகுதியில், டியூக் ரீட் என்பார் நடத்திய ட்ரெஷர் ஐல் ஒலிப்பதிவு நிலையத்தில் இசைத்தட்டு வெட்டும் பணி டப்பிக்குக் கிடைத்தது. ஒலிநாடாவில் உள்ள பாட்டை மென்பூச்சு பூசிய தட்டில் ஊசியால் கீறி எடுப்பதே அந்த வேலை. சவுண்ட் சிஸ்டங்கள் தம் கூட்டத்தில் மட்டும் ஒலிக்கச் செய்ய இத்தகைய தனித்தட்டுகளை விரும்பி வாங்கின. இத்தட்டுக்கு டப் பிளேட் என்று பெயர். டப் என்னும் இசைவகையின் பெயரும் இதிலிருந்தே வந்தது.

அந்த நிலையத்தில் ஒரு முறை தட்டு வெட்டும்போது பாடகரின் குரலைச் சேர்க்க மறந்துவிட்டார்கள் என்றும், ரட்டி ரெட்வுட் என்ற சவுண்ட் சிஸ்டக்காரர் அந்தத் தட்டைக் கூட்டத்தில் ஒலிக்கவிட்டபோது மக்கள் தாமே பாட்டைப் பாடத் தொடங்கினர் என்றும் ஒரு செய்தி வழங்குகிறது. தவறு ஒன்று புதிய வழக்கத்தைத் தோற்றுவித்தது. அதன் பிறகு இசைத்தட்டின் முதற்பக்கத்தில் பாட்டும், மறுபக்கத்தில் குரல் நீக்கிய இசையும் வெளிவரலாயின.

மற்றவர்கள் குரலை மட்டும் நீக்கினர். டப்பியோ, குரலை நீக்கலாம் என்றால் கிதாரை ஏன் நீக்கக்கூடாது என்று எண்ணினார். நீக்கியதை எப்போது திரும்பக் கொண்டுவருவது, எவ்வளவு நேரம் விடுவது, விட்ட ஓசையை எங்கே தேயவிடுவது? இந்த வினாக்களே அவருடைய வாழ்நாள் ஆராய்ச்சியாயின.

குளியலறையில் பாடிய பாடகர்கள்

1970களின் தொடக்கத்தில் டப்பி தமக்கெனச் சிறியதோர் ஒலிக்கூடத்தை அமைத்தார். இடம் எது? கிங்ஸ்டனின் மேற்குப் பகுதியில், வாட்டர்ஹவுஸ் என்னும் ஏழைகள் குடியிருப்பில், டுரோமிலி நிழற்சாலையில் இருந்த வீடு. அவ்வட்டாரம் அரசியல் கட்சிகளின் மோதலாலும் துப்பாக்கிச் சூட்டாலும் அல்லல்பட்ட பகுதி. அந்த வீட்டில் முழு வாத்தியக் குழு அமர்ந்து வாசிக்க இடமில்லை. வேறு நிலையங்களில் பதிவான நாடாக்களைத் தயாரிப்பாளர்கள் இங்கே கொண்டுவருவார்கள். பாடகர் குரலைப் பதிவு செய்யும் அறையோ, ஒரு காலத்தில் குளியலறையாக இருந்த இடம்!

டைனமிக் சவுண்ட்ஸ் என்ற பெரிய நிலையம் பயன்படுத்திக் கழித்த நான்கு தட நாடாவுக்குரிய கலவை மேசை ஒன்றை அவர் வாங்கினார். மேளம் ஒரு தடம், பேஸ் கிதார் ஒரு தடம், பிற வாத்தியங்கள் ஒரு தடம், குரல் ஒரு தடம் என்று பொதுவாகப் பதிவுகள் அமைந்திருக்கும். ஒவ்வொன்றையும் ஏற்றவும் இறக்கவும் வழுக்கிச் செல்லும் பிடிகள் அம்மேசையில் இருந்தன. தாழ்சுருதியைப் படிப்படியாக வெட்டும் வடிப்பான் ஒன்றும் இருந்தது. அதன் பெரிய குமிழைத் திருகும்போது இசை கனம் இழந்து, காற்றில் எழும்பிப் பறப்பதுபோல் தோன்றும்.

அக்காலத்தில் செல்வச் செழிப்புள்ள நாடுகளின் நிலையங்கள் எதிர்முழக்கத்துக்கென்றே தனி அறைகள் கட்டின. அல்லது 1957இல் ஜெர்மனியில் அறிமுகமான பெரிய எஃகுத் தகட்டுக் கருவியை வாங்கின. அதன் எடை ஏறத்தாழ 270 கிலோ. வாட்டர்ஹவுஸ் வீட்டில் அறைக்கும் வழியில்லை, அத்தகைய தகட்டுக்கும் வழியில்லை. டப்பி துணையாகக் கொண்டவை இரண்டு: ஒரு சுருள்வில், ஒரு துண்டு ஒலிநாடா.

சுருளும் நாடாவும்

இயற்பியல் மாணவர்களாகிய நாம் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். சுருள்வில்லைக் கொண்டு எதிர்முழக்கம் உண்டாக்கும் முறையை இசையுலகில் பரப்பியவர் அமெரிக்கரான லாரன்ஸ் ஹாமண்ட். நீண்ட தொலைபேசித் தடங்களில் ஏற்படும் காலத்தாழ்வை ஆராய பெல் ஆய்வுக்கூடத்தார் சுருள்களைப் பயன்படுத்தினர். அக்கருத்தையே ஹாமண்ட் தம் மின் ஆர்கனுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார். வீடுகளில் பெரிய மண்டபத்தின் கம்பீரம் இல்லையே என்ற குறையைப் போக்குவது அவர் நோக்கம்.

அதன் அமைப்பு எளியது. ஒலிக்குரிய மின்னோட்டம் ஒரு கம்பிச்சுற்றில் பாய்கிறது. சுற்றின் காந்தப்புலம் மாறமாற, சுருள்வில்லின் முனையில் உள்ள சிறு காந்தம் அசைகிறது. அசைவு அலையாகிச் சுருளின் வழியே ஓடுகிறது. மறுமுனையிலுள்ள காந்தமும் கம்பிச்சுற்றும் அதனை மீண்டும் மின்னோட்டமாக மாற்றுகின்றன. அலை அங்கேயே நின்றுவிடுவதில்லை. முனைக்கு முனை மோதித் திரும்பத் திரும்ப ஓடித் தேய்கிறது. கைக்கடக்கமான பெட்டிக்குள் ஒரு மண்டபம் இவ்வாறு உருவாகிறது. ஆனால் சுருளில் எல்லா அதிர்வெண்களும் ஒரே வேகத்தில் செல்வதில்லை. ஆகவே மேளத்தின் ஓர் அடி மறுமுனையில் நீர்த்துளி சொட்டியதுபோல நெளிந்து வருகிறது. மண்டபத்தை அப்படியே காட்ட வேண்டும் என்று நினைத்தவர்களுக்கு இது குறை. டப்பிக்கோ இதுவே அணி! ஃபிஷர் நிறுவனத்தாரின் சுருள்வில் கருவி ஒன்றைத் தம் தேவைக்கேற்ப மாற்றியமைத்து அவர் பயன்படுத்தினார். சில நேரம் அந்தப் பெட்டியைக் கையால் தட்டிவிடுவார். உள்ளே சுருள்கள் குலுங்கி, இசையின் நடுவே இடி இடித்ததுபோல் முழங்கும்.

இனி நாடா. ஒலிப்பதிவுக் கருவியில் நாடா முதலில் பதிவுத் தலையையும், அதன் பின் கேட்புத் தலையையும் கடந்து செல்கிறது. நாடா விநாடிக்கு 19 சென்டிமீட்டர் ஓடுவதாகவும், தலைகளுக்கு இடையே 5 சென்டிமீட்டர் உள்ளதாகவும் கொள்வோம். பதிந்த ஒலி ஏறத்தாழ கால் விநாடி கழித்துத் திரும்பக் கேட்கும். இயற்கையில் இவ்வளவு தாழ்ந்து எதிரொலி வரவேண்டுமானால் பாறை சுமார் 45 மீட்டர் தொலைவில் இருக்க வேண்டும். அந்த 45 மீட்டரை 5 சென்டிமீட்டர் நாடாவுக்குள் அடக்கிவிடலாம்! திரும்பி வந்த ஒலியில் ஒரு பகுதியை மறுபடி பதிவுத் தலைக்கே அனுப்பினால் எதிரொலிக்கு எதிரொலி பிறக்கும். அனுப்பும் அளவைக் குறைத்தால் ஓசை தேய்ந்து மறையும். கூட்டினால் பெருகிப் பெருகிப் பேரிரைச்சலாகும். டப்பி பழைய இருதடக் கருவி ஒன்றின் தலைகள்மீது நாடாவை வளையமாக ஓடவிட்டு இதனைச் சாதித்தார்.

ஒரு பாட்டு தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாடகர் ஒரு வரியின் முதற்சொல்லைப் பாடியதும் குரல் அறுபடுகிறது. அந்தச் சொல் மட்டும் எதிரொலியாகிச் சிதறித் தொலைவில் மறைகிறது. பிறகு மேளமும் பேஸ் கிதாரும் மட்டும் நடக்கின்றன. எதிர்பாராத இடத்தில் கிதாரின் ஒரு வெட்டு மின்னி மறைகிறது. இவை யாவும் முன்கூட்டி எழுதிவைத்தவை அல்ல. நாடா ஓடிக்கொண்டிருக்கும்போதே டப்பியின் விரல்கள் மேசைமீது செய்தவை. அதே பாட்டை மறுநாள் கலந்தால் வேறொரு வடிவம் பிறக்கும்.

பிறர் வாசித்ததை வைத்து விளையாடுவது கலையாகுமா என்று சிலர் கேட்கக்கூடும். கல்லை மலை தருகிறது. வேண்டாத பகுதியை நீக்கிச் சிலையைக் காண்பவன் சிற்பி. மௌனத்தை எங்கே வைப்பது என்று அறிந்த டப்பியும் அத்தகைய சிற்பியே.

பன்னி லீ என்னும் தயாரிப்பாளர் தம் நாடாக்களைத் தொடர்ந்து அவரிடம் கொண்டுவந்தார். லீ பெர்ரியோடு அவர் இணைந்து பணியாற்றிய பிளாக்போர்டு ஜங்கிள் டப் 1973இல் வெளிவந்தது. மெலோடிகா என்னும் ஊதுகருவியை வாசித்த அகஸ்டஸ் பாப்லோவின் இசையை அவர் கலந்து அமைத்த கிங் டப்பீஸ் மீட்ஸ் ராக்கர்ஸ் அப்டவுன் என்ற தொகுப்பு 1976இல் வெளிவந்தது. டப் இசையின் உச்சிகளுள் ஒன்றாக அதனை இன்றும் போற்றுகின்றனர். கலவை மேசைமுன் அமர்பவரின் பெயருக்காகவே மக்கள் இசைத்தட்டு வாங்கும் நிலையை உண்டாக்கியவர்களில் முதன்மையானவர் டப்பி எனின் அது மிகையாகாது.

மாணவர் பரம்பரை

புகழ் வந்த பின்னும் டப்பி கம்பிச்சுற்றும் தொழிலைக் கைவிடவில்லை. அத்தொழிலே அவருக்கு ஒரு சிறந்த மாணவரையும் கொண்டுவந்து சேர்த்தது. ஒலிபெருக்கி செய்வதில் ஆர்வம்கொண்ட ஹோப்டன் பிரௌன் என்ற சிறுவர் மின்மாற்றி வேண்டி அவரிடம் வந்தார். பழுது நீக்கும் வேலையில் தொடங்கிய அவரைப் பின்னர் டப்பி கலவை மேசையிலும் அமர்த்தினார். சயின்டிஸ்ட், அதாவது விஞ்ஞானி என்ற பெயரில் அவர் உலகப்புகழ் பெற்றார். மற்றொரு மாணவரான லாயிட் ஜேம்ஸ், பிரின்ஸ் ஜாமி என்ற பெயரில் வளர்ந்தார். 1985இல் சிறு மின் விசைப்பலகையின் தாளத்தைக் கொண்டு அவர் வெளியிட்ட பாட்டு, ஜமைக்க இசையையே கணினித் தாளத்தின் பக்கம் திருப்பியது. கற்றதை ஒளித்து வைக்காமல் அடுத்தவர் கையில் கொடுத்த ஆசான் டப்பி. இளவரசர்களாக அவரிடம் பயின்றவர்கள் பின்னாளில் மன்னர்களாயினர்.

1980களில் அதே வாட்டர்ஹவுஸ் பகுதியில் முன்னதைவிடப் பெரிய ஒலிக்கூடத்தை டப்பி கட்டினார். பாடல்களைத் தாமே தயாரித்து வெளியிடவும் தொடங்கினார். ஆனால் காலன் காத்திருக்கவில்லை. 1989ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள், ஒலிக்கூடத்தில் வேலை முடிந்து திரும்பியவரை டுஹேனி பார்க் பகுதியிலுள்ள அவர் வீட்டு வாசலில் யாரோ சுட்டுக் கொன்றனர். வழிப்பறியே நோக்கமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. அப்போது அவருக்கு வயது நாற்பத்தெட்டுதான். ஆயிரக்கணக்கான இரவுகளை இசையால் நிறைத்தவர், துப்பாக்கி ஓசை ஒன்றில் அடங்கினார்.

இன்று கணினியில் இசை கலக்கும் இளைஞர்கள் சுருள்வில் பெட்டியைத் தூக்கிச் சுமப்பதில்லை. பழைய சுருள்வில் கருவிக்குள் ஒரு நொடித்தட்டல் போன்ற ஒலியை அனுப்பி, அது தரும் மறுமொழியைப் பதிவுசெய்து வைத்திருக்கிறார்கள். அம்மறுமொழியை எந்தக் குரலோடும் கணக்கிட்டு இணைத்தால், அக்குரல் அந்தச் சுருளுக்குள்ளேயே ஓடி வந்ததுபோல் ஒலிக்கிறது. தேய்ந்த நாடாவின் நடுக்கத்தைக்கூட எண்களாக்கிவிட்டார்கள். எந்தக் குறைகளை நீக்கப் பொறியாளர்கள் பாடுபட்டார்களோ, அக்குறைகளையே இன்று தேடித் தேடிச் சேமிக்கிறார்கள். அக்குறைகளின் அழகை உலகம் அறியச் செய்தவர்களுள் வாட்டர்ஹவுஸ் வீட்டுக்காரருக்குத் தனியிடம் உண்டு.

என் காரணம்

மாணவ நண்பர்களே! இப்போது என் காரணத்தைச் சொல்கிறேன். என் தந்தையார் மோட்டார்களுக்குக் காயில் கட்டுபவர். எரிந்துபோன கிணற்று மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை எடுத்துவிட்டு, சுற்றுகளை எண்ணி எண்ணிப் புதிதாகக் கட்டுவார். அவர் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சேர்க்கைப் படிவத்தில் தந்தையின் தொழில் என்ற கட்டத்துக்கு வந்தபோது என் பேனா நின்றது. காயில் கட்டுபவர் என்று எழுத வெட்கப்பட்டு, சுயதொழில் என்று எழுதினேன். அந்த ஒரு சொல் இரண்டு ஆண்டுகளாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

டப்பியைப் பற்றிப் படித்த பிறகு ஒரு நாள் பட்டறைக்குச் சென்று, சுருள்வில் கருவியின் படத்தை வரைந்து தந்தையாரிடம் காட்டினேன். ஆங்கிலச் சொல் ஒன்றையும் நான் பயன்படுத்தவில்லை. அவர் படத்தைச் சிறிது நேரம் பார்த்தார். கம்பி இவ்வளவு மெல்லியதாக இருந்தால் நாளடைவில் முனையில்தான் அறும், பழுதென்றால் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும் என்று சுட்டிக்காட்டினார். ஃபாரடேயின் விதியை எழுதி நான் வாங்கிய மதிப்பெண்கள் நினைவுக்கு வந்தன. அந்த விதியோடு முப்பது ஆண்டுகள் கைகோத்து வாழ்ந்தவர் என்முன்னே எண்ணெய்க் கையோடு உட்கார்ந்திருந்தார்.

நம்மில் பலர் முதல் தலைமுறையாக இக்கல்லூரிக்கு வந்தவர்கள். நம் பெற்றோர் கைகளில் உள்ள அறிவுக்குச் சான்றிதழ் இல்லை. அதனால் அது அறிவே அன்று என்று நாம் எண்ணிவிடக்கூடாது. ஒரு கருவியின் உள்ளே என்ன நடக்கிறது என்று தொட்டறிந்தவரே அதனிடமிருந்து புதியதொன்றை வாங்க முடியும் என்பதற்குக் கிங் டப்பியின் வாழ்வு சான்று.

அடுத்த ஆண்டுக்கான உதவித்தொகைப் படிவம் இப்போது என் மேசைமீது இருக்கிறது. அந்தக் கட்டத்தை முதலில் நிரப்பிவிட்டேன்: மோட்டார் காயில் கட்டுதல்.